பேபிக்கு வடக்கே பபூன்

– பேபிக்கு வடக்க என்ன?

– பபூன்.

– அர்த்தம்?

– நாடகத்துல ராஜபார்ட்டு வர்றதுக்கு முன்னாடி வந்து சிரிக்க வைக்கிறவன்.

– அது நம்ம ஊரு பபூன், முத்தழகு. டிக்சனரியில இருக்கிறது குரங்கு. மூஞ்சி நீண்ட குரங்கு.

– குரங்குன்னு எனக்கும் தெரியும். கைக்குழந்தைக்குப் பக்கத்துல எவனாவது குரங்கக் கொண்டாந்து விடுவானான்னுதான் பாக்குறேன்.

– யாரும் கொண்டாந்து விடல. எழுத்து வரிசைப்படி அதுவா வந்து ஒக்காந்திருக்கு. அதுக்கும் இதுக்கும் பேச்சுவார்த்த கெடையாது. மேலவீட்டு வயிரவனும் நானும் இல்லையா, அந்த மாதிரி. தெற்க என்ன?

– பேபிஹுட். குழந்தைப் பருவம்.

– அதுக்குத் தெற்க?

– பேச்சிலர். கல்யாணம் ஆகாதவன். நல்லா இருக்கு போங்க! கல்யாணமே ஆகாதவன் வீட்டு வாசல்ல கொண்டுபோய்க் குழந்தையப் போட்டு வச்சிருக்கான்.

– அர்த்தத்தோட நிறுத்திக்க. அபிப்பிராயம் கேக்கல. அடுத்து?

– பேசில்லஸ். கண்ணுக்குத் தெரியாத கிருமி. அப்புறம் பேக். முதுகு.

– சரி. புள்ளைக்குப் பாலு குடுத்தா முதுகத் தட்டித்தான் ஏப்பம் எடுக்கணும். அந்த பேக். மேல போ.

– பேக்பைட். ஆளு இல்லாதப்பப் பொல்லாப்பு பேசுறது. உங்க அக்கா தேனம்மை செய்வாகள்ல, அது.

– உதாரணமும் கேக்கல.

– பேக்போன், முதுகெலும்பு. பேக்கிரவுண்ட், பின்புலம். பேக்வேர்ட், பின்பக்கமா. பேக்கன், பன்னிக்கறி. பேட், கெட்டது. பேட்ஜ், சட்டையில குத்துறது. பேஃபிள், குழப்புறது. பேக், பை. பேகேஜ், மூட்டை முடிச்சு. வீட்டுல அம்புட்டு வேலையும் கெடக்கு, நான் எந்திரிக்கட்டா?

– ஒக்காரு. இது ஒரு பக்கந்தான.

– ஒரு பக்கம்னாலும் ஒரு ஓட்டை இல்லாமச் சொன்னேன்ல. நாலு எல்லையோட சொன்னேன்ல.

– சொன்ன. நான் இல்லங்கல. ஒரு எடத்த எப்படிப் பத்திரத்துல காமிக்கிறோம்? இன்னார் நஞ்சைக்கு வடக்கு, இன்னார் கெணத்துக்குத் தெற்கு. எல்லை தெரிஞ்சுட்டா எடம் எங்கயும் ஓடிப்போகாது. வார்த்தையும் அதே கணக்குத்தான். மேல இருக்கிறவனையும் கீழ இருக்கிறவனையும் தெரிஞ்சுக்கிட்டா நடுவுல இருக்கிறவன் நம்ம கையில.

– ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல ஒக்காந்து பத்திரம் எழுதி எழுதி, உங்களுக்கு ஒலகமே புஞ்சையாத் தெரியுது. அவனவன் பேச்ச வச்சு இங்கிலீசு படிக்கிறான். நீங்க வரப்ப வச்சுப் படிக்கச் சொல்றீக.

– பேச்சு ஆளுக்கு ஆளு மாறும். வரப்பு மாறாது. சரி, இப்ப நான் வெள்ளைக்கார ஆபீசர். நீ ஏரோபிளேன்ல இருந்து எறங்கி அயர்லாந்துல என் முன்னாடி வந்து நிக்கிற. பாஸ்போர்ட்ட நீட்டு.

– இந்தாங்க.

– வெள்ளைக்காரன்கிட்ட 'இந்தாங்க'ன்னா சொல்லுவ?

– வாயத் தெறக்காம நீட்டுனா மரியாதையாவா இருக்கும்?

– வெள்ளிக்கிழமை ஏரோபிளேனு, நெனப்பிருக்கட்டும். வொய் யூ கம்?

– பேபி.

– வாட் பேபி?

– பேபி... பேபிஹுட்.

– வாட் இன் த பேக்?

– பேகேஜ்.

– இன் த பேகேஜ், வாட்?

– நோ பேக்கன்.

– அத ஏன் நீயாச் சொல்ற? அவன் கேக்கவே இல்லையே.

– கேட்டப்பறம் சொன்னா ஒளிச்சு வச்சிருந்தோம்னு நெனைப்பான். முந்திச் சொல்லிட்டா விட்டுருவான்.

– ஆர் யூ அலோன்?

– அது எந்தப் பக்கத்துல இருக்கு?

– ஏ-ல. உன் எடத்துக்கு ரொம்ப வடக்க.

– அங்குட்டு நான் இன்னும் போகல.

– தனியாவா வந்தேன்னு கேக்குறான்.

– பேக்வேர்ட்.

– என்னது?

– பின்னாடி வாராகன்னு அர்த்தம்.

– பின்னாடி யாரு வாரா?

– நீங்க.

– நான் வரலன்னு எத்தன தடவ சொல்லியாச்சு?

– உங்களுக்குச் சொல்ல வாயிருக்கு. வெள்ளைக்காரனுக்கு நான் என்னன்னு சொல்ல? பெத்த மக பிரசவத்துக்குப் புருசன் ஏன் வரலன்னு கேட்டா? மகளோட பேச்சு இல்லங்குறதுக்கு என் பக்கத்துல வார்த்த கெடையாது. பபூனும் பேச்சிலரும்தான் இருக்கு.

– வெள்ளைக்காரன் அதெல்லாம் கேக்க மாட்டான். ஹூஸ் பேபின்னு கேப்பான். யாரு குழந்தைன்னு.

– டாட்டர்.

– அந்த வார்த்த உன் பக்கத்துல இல்லையே. அத எங்க பிடிச்ச?

– டி-ல. வடக்க டேட், பேரீச்சம்பழம். தெற்க டான்ட், மிரட்டுறது. மகளுக்கு அடுத்த வீட்டுலயே மிரட்டலக் குடி வச்சிருக்கான் பாருங்க.

– நடுவுல ஒண்ண விட்டுட்ட. டாட்டர்-இன்-லா. மருமக.

– அது நமக்கு எதுக்கு? ரோகிணி ஒத்தப் புள்ள. ஆனா நீங்க விட்டத விடவா நான் விட்டுட்டேன்?

– நான் எத விட்டேன்?

– போன மாசம் டி-ய உரக்க வாசிச்சீகளே. டேட்டுன்னு சொன்னீக, அடுத்த மூச்சுல டான்ட்டுன்னீக. வரிசையத் தாண்டாத, வரிசையத் தாண்டாதன்னு எனக்குச் சட்டம் போட்டுட்டு, நீங்க மட்டும் டாட்டரத் தாண்டிக் குதிச்சீக. அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். ரசத்துக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னே தெரியாமப் போச்சு எனக்கு.

– போடல.

– அப்புறம்தான் புஸ்தகத்த எடுத்து, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எல்லை பாத்து வச்சுக்கிட்டேன்.

– அந்த வீட்டுக் கதவ நான் தட்டுறதில்ல. தாண்டித்தான் போவேன்.

– ஏன், மாப்ளை பேரக்கூடப் பாத்து வச்சிருக்கேன். எஸ்-ல. சன்-இன்-லா. வடக்க பாட்டு, சாங். தெற்க சானெட், அதுவும் ஏதோ பாட்டுத்தான். ரெண்டு பக்கமும் பாட்டு. மரிய ஆனந்த் சர்ச்சுல பாடுற புள்ளன்னு அந்தப் புஸ்தகக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு.

– பாட்டுப் பாடித்தான் கெடுத்தான்.

– யாரையும் கெடுக்கல. முறையா ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டாக. உங்க ஆபீசுல, உங்க மேசையத் தாண்டித்தான் போயிருக்காக. நீங்க யாருக்கோ கிரயப் பத்திரம் எழுதிக்கிட்டுத் தலையக் குனிஞ்சிருந்தீக.

– அத இன்னொரு தடவ சொல்லாத.

– சொல்லல. அவுகளும் எளிய ஆளுக இல்ல. மாப்ளையோட அம்மா அருளம்மா டீச்சர் எத்தன புள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்தவுக. நீங்கதான் கும்புடுற சாமிய வச்சு எல்லை பிரிச்சீக.

– நாட்டரசன்கோட்டைக் கோயில்ல, ஆத்தா சன்னதியில, பங்காளி அம்புட்டுப் பேரும் நிக்க, நான் சொன்ன சொல்லு அது. இனிமே ரோகிணி முகத்துல முழிக்க மாட்டேன், அவளோட ஒரு வார்த்த பேச மாட்டேன்னு. அத மாத்தச் சொல்றியா?

– நான் மாத்தச் சொல்லல. சொல்லி நீங்க மாத்துற ஆளுமில்ல. தலைப்பிரசவம் தாய்வீட்டுல பாக்குறதுதான் முறை. வளையல் அடுக்கி, ஏழு வகைச் சோறு கட்டி, இந்த வீட்டுக்கு அழைச்சாந்திருக்கணும். அவளுக்கு அந்தக் குடுப்பினை இல்லாமப் பண்ணிட்டீக. அதான் தாயி அங்குட்டுப் போறேங்குறேன்.

– போகாதன்னு நான் என்னைக்குச் சொன்னேன்? இங்கிலீசு தெரியாமப் போகாதன்னுதான் சொன்னேன். நடுவழியில தோகாவோ தோமாவோ, அங்க வேற ஏரோபிளேன் மாறணும். வழி கேக்க வாய் வேணும். அதுக்குத்தான நாகஜோதி டீச்சர்கிட்ட டியூசன் சேத்துவிட்டேன்.

– ஆமா, சேத்துவிட்டீக.

– மாசக்கணக்காச்சு. மத்தியானம் கை கழுவுன ஈரம் காயுறதுக்குள்ள கெளம்பிப் போற. பொழுது சாய வாற. இன்னைக்குக் கேட்டா ஒரே ஒரு பக்கம் தெரியுதுங்குற.

– ஒரு பாத்தி நல்லா நனையாம அடுத்த பாத்திக்கு மடையத் தெறக்காதன்னு நீங்கதான சொன்னீக.

– இந்தப் பாத்தி நனைஞ்சு அழுகியே போச்சு, முத்தழகு. சரி, எம்-முக்குப் போ. மதர்?

– அது தெரியாதவுக உண்டா?

– எல்லை சொல்லு.

– தெரியாது. தாய்க்கு எல்லை வேற இருக்காக்கும்.

– டபிள்யூ. வாட்டர்?

– தண்ணி. அது தமிழுதான? டிக்கெட்டு, லக்கேஜு, லேட்டு, அம்புட்டும் தமிழுதான. அத வச்சே நான் அயர்லாந்து போயிட்டு வந்துருவேன். உங்க வெள்ளைக்காரனுக்குத்தான் தெரியாத வார்த்தையாக் கேக்கத் தோணும்.

– நேத்து மத்தியானம் தூறல் போட்டுச்சுல்ல?

– போட்டுச்சு. அது எந்தப் பக்கம்?

– பக்கமெல்லாம் இல்ல. நான் கேக்குறேன்.

– ஆமா, போட்டுச்சு. தலையெல்லாம் நனைஞ்சுதான் வந்தேன்.

– நனைவியேன்னு குடைய எடுத்துக்கிட்டு நாகஜோதி டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

– நான் அப்ப பாத்ரூம் போயிருப்பேன்.

– டீச்சரும் அப்படித்தான் சொல்லுவாகன்னு பாத்தேன். சொல்லல. 'உங்க வீட்டம்மா மொத நாளு வந்தாக, புஸ்தகத்த விரிச்சாக, விரிச்ச பக்கத்தையே பாத்துக்கிட்டிருந்தாக, கண்ணத் தொடச்சாக, எந்திரிச்சுப் போனாக. அதுக்கப்பறம் ஆளையே காணோம், ஒடம்பு கிடம்பு சரியில்லையா'ன்னு கேட்டாக.

– நீங்க என்ன சொன்னீக?

– ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, பி-ல இருக்கான்னு சொல்லிட்டு வந்தேன்.

– கண்ணத் தொடச்சேன்னா சொன்னாக? தூசி விழுந்திருக்கும்.

– எங்க போற தெனமும்?

– கொப்புடையம்மன் கோயிலுக்கு.

– மத்தியானத்துல நடை சாத்தியிருக்கும்.

– வாசல்ல ஒக்காந்திருப்பேன்.

– தூக்குச் சட்டியோடயா?

– பசிக்கும்ல.

– சாப்புட்ட கையோட போறவளுக்கா? இந்தா, ஒண்ணு கேக்குறேன். வீட்டுல பூண்டு நிக்க மாட்டேங்குது. சந்தையில வாங்கிப் போட்ட மறுநாளே கூடை காலி. எனக்குப் பூண்டு ஆகாது. நீயும் தின்ன மாட்ட. போன வாரம் சுறா வாங்கிப் புட்டு அவிச்ச. வீடெல்லாம் மணந்துச்சு. எனக்கு எலையில வச்சது கத்திரிக்கா. புட்டு எங்க போச்சுன்னு கேட்டதுக்கு டீச்சருக்குக் குடுத்தேன்ன. நாகஜோதி டீச்சர் முட்டைய உடைச்ச சட்டியில தண்ணி குடிக்க மாட்டாக.

– நீங்க பத்திரம் எழுதப் போகாமப் போலீசுக்குப் போயிருக்கலாம்.

– சுறாப்புட்டு யாரு தின்பா?

– பால் சொரக்க வேண்டியவுக தின்பாக.

– அது யாரு?

– உங்களுக்குத்தான் எல்லை சொன்னாலே எடம் தெரிஞ்சுருமே. வடக்க பூண்டு, தெற்க சுறாப்புட்டு. நடுவுல யாருன்னு நீங்களே சொல்லுங்க.

– நான் அந்தப் பேரச் சொல்றதில்ல. நீ சொல்லு. உன் வாயால ஒரு தடவ சொல்லு.

– ரோகிணி. ரோகிணிதான். போதுமா? அவ அயர்லாந்துல இல்ல. கோவிலூர் ரோட்டுல, அருளம்மா டீச்சர் வீட்டுல இருக்கா. வந்து மாசக்கணக்காச்சு.

– ம்.

– கத்துங்க. தட்டத் தூக்கிப் போடுங்க. இப்படி ம்முன்னு ஒக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு.

– தட்டுல என்ன இருக்கு தூக்கிப் போட. டிக்கெட்டுக் காமிச்சியே போனுல. வெள்ளிக்கிழமைன்னு நான் எழுத்துக்கூட்டி வாசிச்சேனே.

– வெள்ளிக்கிழமைன்னு வாசிச்சீக. எந்த வெள்ளிக்கிழமைன்னு வாசிக்கல. அது அவ வந்த டிக்கெட்டு. டப்ளின்ல இருந்து சென்னைக்கு. ரெண்டு ஊரு பேரும் இருக்குன்னு பாத்தீக. எதுல இருந்து எதுக்குன்னு பாக்கல. பேரும் பாக்கல.

– விக்கிறவன் யாரு, வாங்குறவன் யாருன்னு பாக்காம ஒரு பத்திரத்தப் படிச்சிருக்கேன். வெளிய சொல்லிடாத. எழுதக் குடுக்க ஆளு வராது.

– உங்களுக்கு அதுதான் கவல.

– வெள்ளிக்கிழமை என்ன செய்யலாம்னு இருந்த?

– பெட்டியக் கட்டிக்கிட்டு, உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு, ஆட்டோ பிடிச்சு...

– பிடிச்சு?

– கோவிலூர் ரோட்டுக்குப் போயி, மூணு மாசம் அங்கயே இருக்கலாம்னு.

– மூணு மாசம் அயர்லாந்துல.

– ஆமா.

– இங்க நிக்கிற பஸ்சோட ஆரன் சத்தம் கேக்குற தூரத்துல.

– போனுல பேசும்போது சன்னல அடைச்சுக்கலாம்னு இருந்தேன். குளிருதுன்னு சொல்லிக்கிடலாம்ல.

– சந்தையில உன்ன எவனாவது பாத்திருந்தா?

– பேஃபிள் ஆகியிருப்பான்.

– சிரிக்காத.

– நான் சிரிக்கல. எனக்கு அழுகைதான் வருது. ஏழாம் மாசமே வந்துட்டா அவ. மாப்ளை வந்து விட்டுட்டுத் திரும்பிப் போனாரு. தலைப்பிரசவம் அப்பா இருக்கிற ஊருலதான் ஆகணும்னு ஒத்தக்காலுல நின்னிருக்கா. தாய்வீட்டு வாசல்ல நுழைய முடியலன்னாலும் அந்த ஊரு காத்தாவது இருக்கட்டும்னு சொன்னாளாம். அதக் கேட்ட நாள்லதான் நீங்க என்ன டியூசன்ல சேத்தீக. புஸ்தகத்த விரிக்கிறேன், பேபின்னு இருக்கு. அதுக்கு மேல எனக்கு ஒரு எழுத்தும் ஓடல. எனக்கு வேண்டியது அம்புட்டும் அந்தப் பக்கத்துலயே இருந்துச்சு.

– அதுக்கு மத்தியானம் மட்டும் போனாப் போதுமா?

– காலைல நீங்க வயலுக்குப் போனதும் ஒரு எட்டு வாரேன்னு கேட்டேன். அருளம்மா டீச்சர்தான் வேணாம்னுட்டாக. காலைல வீட்டுக்கு ஆளு வந்துபோகும், தோதுப்படாதுன்னு.

– ம். நாளு அடுத்த மாசம்னு சொன்னியே.

– அது பொய்யில்ல. டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாக. புள்ள முந்திக்கிச்சு. பொறந்துருச்சுங்க. நான் என் சினேகிதி சாலாவோட அவ வீட்டுக்குத் தரைக்கல்லு பாக்க ஆத்தங்குடிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அன்னைக்குத்தான். சாலாகிட்டக்கூடச் சொல்லல.

– அன்னைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்த. என்ன கல்லு பாத்தீகன்னு கேட்டேன். 'மூணு கிலோ'ன்ன.

– நானா? அப்படியா சொன்னேன்?

– என்ன நெறம்னு கேட்டேன். 'சுண்டக் காய்ச்சுன பாலு நெறம், மூக்கு மட்டும் தாத்தா மூக்கு'ன்ன.

– அய்யோ! நீங்க அப்பவே கேட்டிருக்கலாம்ல.

– ஆத்தங்குடிக் கல்லுல பூ இருக்கும், கொடி இருக்கும். மூக்கு வச்சும் போடுறானான்னு புஸ்தகத்த எடுத்து டைல்ங்குற வார்த்தையப் பாத்தேன். போடல.

– எல்லாம் உங்களுக்கு வெளையாட்டு. பொறந்தது பொம்பளப் புள்ள. என்ன புள்ளன்னு ஒரு வார்த்த கேட்டீகளா இம்புட்டு நேரத்துல?

– நீ சொல்லுவன்னு தெரியும்.

– கல்லு மனசு. எனக்கு உங்க மேல தாங்க முடியாத கோவம், அதச் சொல்லிடுறேன். அவ வலியில கெடந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பா வரலையாம்மா'ன்னு கேட்டா. 'வந்துக்கிட்டே இருக்காக தாயி, வழியில இருக்காக'ன்னு சொன்னேன். டியூசன், டிக்கெட்டு, தரைக்கல்லுன்னு உங்ககிட்டச் சொன்ன பொய்யெல்லாம் வாயோட போச்சு. அவகிட்டச் சொன்ன அந்த ஒரு பொய்யிதான் நெஞ்சுல கெடந்து அறுக்குது. புள்ள வெளிய வந்து அழுதப்பறமும் அவ வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. இன்னும் பேரு வைக்கல. அங்குட்டு ஞானஸ்நானத்துக்கு ஒரு பேரு வின்சின்னு பாத்துட்டாக. இங்குட்டுப் பேர அப்பாதான் வைக்கணும், அதுவரைக்கும் யாரும் வைக்க வேணாம்னு சொல்லிட்டா. இப்போதைக்கு எல்லாரும் பேபின்னுதான் கூப்புடுறோம்.

– கண்ணத் தொடச்சுக்க. நான் கோயில்ல சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லு.

– எதுக்கு? மறுபடியும் சத்தியம் பண்ணவா?

– சொல்லுன்னா சொல்லு.

– 'இனிமே ரோகிணி முகத்துல முழிக்க மாட்டேன், அவளோட ஒரு வார்த்த பேச மாட்டேன்.'

– அதுல யாரு பேரு இருக்கு?

– ரோகிணி பேரு.

– வேற யாரு பேராவது?

– வேற இல்ல.

– அவ வாரிசு, அவ வயித்துல பொறக்குறது, அதுக்குப் பின்னாடி வாறதுன்னு ஏதாவது சேத்தேனா?

– சேக்கல. எனக்கு நல்லா நெனப்பிருக்கு. பக்கத்துலதான நின்னேன்.

– சத்தியமும் பத்திரமும் ஒண்ணுதான், முத்தழகு. எழுதுன எடத்துக்கு மட்டுந்தான் செல்லும். எழுதாத எடத்துக்கு ஒரு அடி கூட நீட்ட முடியாது.

– அப்ப பேத்தி?

– அது வேற சர்வே நம்பரு.

– நெசமாவா சொல்றீக?

– பத்திர விசயத்துல நான் வெளையாடுறதில்ல.

– அப்ப நாளைக்கு மத்தியானம் எங்கூட வாரீகளா? ஒரு எட்டு. ஒரே ஒரு எட்டு.

– உங்கூட வர மாட்டேன்.

– நல்லா இருக்கு போங்க! சர்வே நம்பரெல்லாம் சொல்லி ஆசையக் காமிச்சுட்டு! அவ முகத்தப் பாக்கணுமேன்னுதான யோசிக்கிறீக? நான் டீச்சர்கிட்டச் சொல்லி அவள அடுப்படியில இருந்துக்கச் சொல்றேன். நீங்க பாட்டுக்குக் கூடத்துல ஒக்காந்து புள்ளைய மட்டும் பாத்துட்டு எந்திரிச்சு வந்துருங்க. உங்க சொல்லு ஒடையாது.

– அது எனக்குத் தெரியாதா? உங்கூட வர மாட்டேன்னுதான் சொன்னேன்.

– ஏன், எங்கூட வந்தா என்ன கொறஞ்சு போகுது உங்களுக்கு? மத்தியானத்துல வந்து பாருங்க அது பண்ற கூத்த. கண்ண உருட்டி உருட்டிப் பாக்கும். காலால ஒதைக்கும். வெரல நீட்டுனா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடாது. அந்த நேரம் முச்சூடும் பொட்டுத் தூக்கம் கெடையாது.

– அதான் சொல்றேன், முத்தழகு. நாளையில இருந்து நீ காலைல போ, மத்தியானத்துக்கு நான் போறேன். நான் போற நேரமெல்லாம் புள்ள தூங்கிக்கிட்டே இருக்கு.